இடி கேட்டதும் ஆட்டத்தை நிறுத்துங்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் நம் ஜாம்ஷெட்பூர் ஹிந்திப் பத்திரிகைகளில் 'வஜ்ரபாத்' என்ற சொல் தவறாமல் வர ஆரம்பித்துவிடும். முதல் பக்கத்தில் அல்ல; உள்ளே, வட்டாரச் செய்திகளுக்கு நடுவில், நாலைந்து வரி. மஹுவாப் பூ பொறுக்கப் போன பெண் ஒருத்தி, மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கிய இரண்டு பேர். செப்டம்பர் வரை இப்படியே போகும். நம் வீடுகளில் அந்தப் பக்கத்தை நிறுத்திப் படிப்பவர்கள் குறைவு. படித்தாலும், "பாவம், தலைவிதி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்துவிடுகிறோம்.

எனக்கு அந்தத் 'தலைவிதி' என்ற வார்த்தையோடுதான் சண்டை.

மத்திய அரசின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் ஒரு கணக்கு வெளியிடுகிறது. மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2020-ல் 2,862 பேர், 2021-ல் 2,880 பேர், 2022-ல் 2,887 பேர். 2022-ல் வெள்ளம், வெயில், குளிர், நிலச்சரிவு என்று இயற்கையின் சீற்றத்தால் நாடு முழுவதும் இறந்தவர்கள் மொத்தம் 8,060. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்னல் ஒன்றே கொண்டுபோயிருக்கிறது. பீகாரில் 2020 ஜூன் 25-ஆம் தேதி ஒரே நாளில் 80 பேருக்கு மேல் போனார்கள். ஒரு ரயில் விபத்தில் இத்தனை பேர் இறந்திருந்தால் மந்திரியின் ராஜினாமாவைக் கேட்டிருப்போம். மின்னல் ஒவ்வொருவராகப் பொறுக்குவதால் கேட்பார் இல்லை.

புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 அக்டோபரில் ஒரிஸ்ஸாவை அடித்த பெரும் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். அதே மாநிலத்தில் 2019 மே மாதம் ஃபானி புயல் வந்தபோது இறந்தவர்கள் நூற்றுக்கும் குறைவு. அதுவும் லேசான புயல் அல்ல. பத்து லட்சம் பேருக்கு மேல் முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். அதற்கு முன்னறிவிப்பு மட்டும் போதாது. ஓடிப் போய் ஒதுங்கக் கடலோரமெங்கும் கட்டிடங்கள் கட்டி வைத்திருந்தார்கள். அறிவிப்பும் கூரையும் சேர்ந்தால்தான் உயிர் பிழைக்கும். மின்னல் விஷயத்தில் நம்மிடம் அறிவிப்பு வந்துவிட்டது, கூரை வரவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் 38 வருஷம் வேலை பார்த்தவன். எங்களுக்கு மின்னல் ஒரு தொழில் எதிரி. சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தால், ராத்திரி தூக்கம் போச்சு என்று அர்த்தம். எங்கேயோ தண்டவாளத்துப் பக்கம் விழுந்த மின்னல் கேபிள் வழியாக வந்து பியூஸைப் பிடுங்கும், ரிலேயைச் சுடும், பிளாக் இன்ஸ்ட்ருமென்ட்டை ஊமையாக்கும். அதனால் ஒவ்வொரு கோடையிலும் எர்த் குழிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்களுக்கு ஒரு விரதம் மாதிரி. இந்தச் சோட்டா நாக்பூர் மண் பாறையும் செம்மண்ணும். மின்சாரம் லேசில் உள்ளே இறங்காது. குழியில் கரியும் உப்பும் போட்டு, பானை பானையாகத் தண்ணீர் விட்டு, மெக்கர் வைத்து அளந்து, 10 ஓமுக்குள் கொண்டு வந்தால்தான் நிம்மதி.

இந்த மேட்டு நிலத்துக்கு இந்த உபத்திரவம் ஏன் இவ்வளவு என்று நம் பிள்ளைகள் கேட்பதுண்டு. மேற்கேயிருந்து வருவது காய்ந்த சூடான காற்று. வங்காள விரிகுடாவிலிருந்து வருவது ஈரக் காற்று. இரண்டும் இந்தப் பக்கத்தில் சந்தித்துக்கொள்கின்றன. மத்தியானச் சூட்டில் ஈரக் காற்று மேலே எழும்பி, சாயங்காலத்துக்குள் மலை மாதிரி மேகம் ஆகிவிடும். வங்காளிகள் இதைக் கால்பைசாகி என்பார்கள். சித்திரை, வைகாசியில் தொடங்கும். பிறகு நாற்று நடும் பருவத்தில் மழைக்கால இடி. வயலில் ஆள் நிறைந்திருக்கும் நேரமும் அதுதான்.

ஒரு மின்னல் வீச்சில் சாதாரணமாக 30,000 ஆம்பியர் இருக்கும். நம் வீட்டு கீஸர் பிளக் 15 ஆம்பியர். ஆனால் மின்னல் நேரே தலையில் விழுந்து சாகிறவர்கள் நூற்றுக்கு நாலைந்து பேர்தான் என்று இதை ஆராய்ந்த டாக்டர்கள் சொல்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேரைக் கொல்வது தரை வழியாக வரும் மின்சாரம். மூன்றில் ஒரு பங்கு, பக்கத்தில் இருக்கும் மரத்திலிருந்தோ கம்பத்திலிருந்தோ தாவி வரும் மின்சாரம்.

தரை வழியாக என்றால் எப்படி? குளத்தில் கல் எறிந்தால் வளையம் வளையமாகப் பரவுகிறதல்லவா, அதுபோல மின்னல் இறங்கிய இடத்திலிருந்து மண்ணில் மின்சாரம் பரவுகிறது. கிட்டே வோல்டேஜ் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. காலை அகட்டி நிற்பவனின் ஒரு கால் அதிக வோல்டேஜிலும் மறு கால் குறைந்த வோல்டேஜிலும் இருக்கும். அந்த வித்தியாசம் அவன் உடம்பு வழியாக ஓடும். மண் மின்சாரத்தை வாங்காத பாறை நிலமாக இருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் மோசம். மாடுகள் மந்தையாக விழுவது இதனால்தான். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், நடுவில் இதயம். தரையில் படுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் இதற்காகத்தான். ரப்பர் செருப்பு போட்டிருக்கிறேன் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மேகத்திலிருந்து சில கிலோமீட்டர் காற்றைத் துளைத்துக்கொண்டு வந்ததற்கு, அரை அங்குல ரப்பர் ஒரு தடையா?

1996 ஜூன் மாதம் எங்கள் செக்ஷனில் நடந்தது. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில், சுற்றிலும் பொட்டல். லைனில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் மழை வலுத்ததும் ஒரு மஹுவா மரத்தடிக்குப் போனார்கள். நம் ஊர் இலுப்பை இனம்தான் அது, நல்ல அடர்ந்த நிழல். அந்தக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த ஒரே உயரமான பொருளும் அதுவே. நான் டிராலியில் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மரத்தின் பட்டை மேலிருந்து கீழ் வரை ஒரு முழ அகலத்துக்கு உரிந்து கிடந்தது. இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவர் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. தூங்குகிறவர் மாதிரி இருந்தார். அவரைப் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் கழுத்து வரை சாணத்தில் புதைத்து வைத்திருந்தார்கள். மின்சாரத்தைச் சாணம் இழுத்துவிடும் என்று இந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. ஜார்கண்டிலும் சத்தீஸ்கரிலும் இன்றைக்கும் இந்தச் செய்தி பத்திரிகையில் வந்துகொண்டுதான் இருக்கிறது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவர் மனைவி அந்தச் சாணக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "உடம்பு இன்னும் சூடாக இருக்கிறது, பாபு" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்றைக்கு அங்கே இருந்த யாருக்கும், எனக்கும்தான், தெரியாத ஒரு விஷயத்தைப் பின்னாளில் ரயில்வே முதலுதவிப் பயிற்சி வகுப்பில் ஒரு டாக்டர் சொன்னார். மின்னல் தாக்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கக்கூடியவர்கள். சாகிறவர்கள் பெரும்பாலும் இதயம் நின்றுபோவதால் சாகிறார்கள். நின்ற இதயம் சில சமயம் தானாகவே திரும்ப ஓட ஆரம்பிக்கும். ஆனால் மூச்சு திரும்ப அதைவிட அதிக நேரம் பிடிக்கும். மூச்சில்லாமல் இதயம் மறுபடி நின்றுவிடும். அந்த இடைவெளியில் யாராவது நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தால் ஆள் பிழைக்க இடமுண்டு. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குலம் உள்ளே போகும்படி, ஆம்புலன்ஸ் வரும் வரை அழுத்த வேண்டும். 108-க்குப் போன் செய்வது இன்னொருவர் வேலை. தாக்குண்டவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது; தாராளமாகத் தொடலாம். பலர் ஒன்றாக விழுந்துகிடந்தால், அலறிக்கொண்டிருப்பவரை விட்டுவிட்டு அசைவில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். மற்ற விபத்துகளில் சொல்வதற்கு இது நேர் எதிர். மின்னலில் மூச்சு விடுகிறவர் எப்படியும் அநேகமாகப் பிழைத்துக்கொள்வார்.

பிழைத்தவர் கதையும் சுலபமில்லை. அந்த மரத்தடியில் மிஞ்சிய ஒருவருக்குக் காது ஜவ்வு கிழிந்துபோயிற்று. கை கால் எரிச்சல் போகவில்லை. கணக்கு சரியாக வைத்துக்கொண்டிருந்த மனிதர், சம்பளத்தை எண்ணிப் பார்க்கத் தடுமாறினார்.

ரிலே அறைக்கு எர்த் கொடுத்தோம், கேபிளுக்குக் காப்புக் குழாய் போட்டோம். திறந்த வெளியில் நிற்கும் மனிதனுக்கு என்ன கொடுத்தோம் என்று நான் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் குறை சொல்வது ரயில்வேயை அல்ல, நாட்டு வழக்கத்தையே. ஜார்கண்ட், பீகார், ஒடிஷா அரசுகள் மின்னலைப் பேரிடர் என்று ஏற்று, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் தருகின்றன. நல்ல காரியம்தான். அந்த 4 லட்சத்தில் வயல் நடுவே நாலு சுவரும் காங்கிரீட் கூரையுமாக ஓர் அறை எழுப்பி, மேலே இடிதாங்கி, கீழே வரை செம்புக் கம்பி, நல்ல எர்த் குழி எல்லாம் போடலாம் என்பது இந்த டிப்ளமாக்காரனின் கணக்கு. செத்தபின் கொடுப்பதை முன்னாலேயே கொடுக்கலாமே.

2024-ல் ஒடிஷா அரசு வேறொரு வழி யோசித்தது. லட்சக்கணக்கில் பனை நடுவது என்று. பனை என்றதும் நமக்கு ஒரு பாசம். நம் ஊர்ப் பக்கம் இடி விழுந்து மொட்டையான பனையைப் பார்க்காதவர் யார்? பனை இடியை வாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது நல்ல உயரத்துக்கு வளர 15, 20 வருஷம் வேண்டும். அப்படியே வளர்ந்தாலும் அதன் அடியில் போய் நின்றவனுக்கு அதுவே எமன். மரம் நடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அறைக்குப் பதிலாக மரம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோயில் கலசம்தான் ஊருக்கே இடிதாங்கி என்று நம் சங்கக் கூட்டங்களில் பெருமையாகப் பேசுவதுண்டு. உச்சியில் செம்பு இருந்தால் மட்டும் போதாது. அங்கிருந்து மண் வரை அறுபடாத கம்பி இறங்க வேண்டும், மண்ணுக்குள் எர்த் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்னல் கல்லையும் சுதையையும் பிளந்துகொண்டு தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். என் பாட்டி இடி இடித்தால் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று அவன் பத்துப் பெயரையும் சொல்வாள். எனக்கு அதில் ஆட்சேபணையே இல்லை. ஏனென்றால் பாட்டி எங்களையெல்லாம் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அர்ஜுனனைக் கூப்பிடுவாள்.

ஆனால் வடாம் விஷயத்தில் நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தப் புத்தி வேலை செய்வதில்லை. ஜவ்வரிசி வடாம் பிழிந்து மொட்டை மாடியில் காயப்போடும் மாதங்களும் இடி மாதங்களும் ஒன்றுதான். முதல் உறுமல் கேட்டதும் நம் குடியிருப்புகளில் மாடிப்படியில் தடதடவென்று மேலே ஓடும் சத்தம் கேட்கும். ஓடவே கூடாத திசை அது. மாடியில் நிற்பவர்தான் அந்தக் கட்டிடத்தின் உச்சி. பக்கத்தில் துணிக் கம்பி, தண்ணீர்க் குழாய். 2021 ஜூலை 11-ஆம் தேதி ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டைக் காவல் கோபுரத்தின் மேல் மழையை ரசித்துக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் நின்ற 11 பேர் ஒரே மின்னலில் இறந்தார்கள். உயரமான, திறந்த இடம், அவ்வளவுதான் காரணம். வடாம் நனைந்தால் மறுபடி பிழிந்துகொள்ளலாம். வேண்டுமானால் ஜவ்வரிசிக்கு நான் பணம் தருகிறேன்.

அங்கே நின்றவர்கள் கையில் மொபைல் இருந்தது, அது மின்னலை இழுத்தது என்று உடனே கிளப்பிவிட்டார்கள். மொபைல் மின்னலை இழுக்காது. சுவரில் சார்ஜில் செருகியபடி பேசுவதுதான் ஆபத்து, கம்பி வழியாக வரும். மொபைலைத் தூக்கி எறிந்துவிட்டால் எச்சரிக்கையும் போய்விடும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்று ஒரு செயலி கொடுத்திருக்கிறது. நம்மைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் எங்கே விழுகிறது என்று காட்டி எச்சரிக்கும். இலவசம். நான் போட்டு வைத்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. அது இல்லாதவர்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. மின்னல் கண்ணில் பட்டதிலிருந்து இடி காதில் விழும் வரை எண்ணுங்கள். 3 செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் மேல் விழலாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது. மழை வந்துவிட்டதா என்று பார்க்காதீர்கள். மேகத்திலிருந்து பக்கவாட்டில் போய், வெயில் அடிக்கும் இடத்தில் விழுந்த மின்னல்கள் உண்டு.

உள்ளே என்றால் சுவரும் கூரையும் உள்ள கட்டிடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார், பஸ், ரயில் பெட்டி. காரில் காப்பாற்றுவது டயர் அல்ல, இரும்பு உடம்பு. மின்சாரம் அதன் வெளிப்புறத் தகடு வழியாகவே இறங்கிவிடும். ஆட்டோவும் ஸ்கூட்டரும் கணக்கில் சேராது. ஷாமியானா கூடவே கூடாது. இரும்புக் கம்பத்தின் மேல் துணி போட்டால் அது கூரை ஆகிவிடுமா?

ஷாமியானாவைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நம் சங்கம் நடத்தும் விளையாட்டுப் போட்டி சரியாகக் கால்பைசாகி தொடங்கும் சமயத்தில், சரியாகச் சாயங்காலம் 4 மணிக்கு, மைதானத்தில் நடக்கிறது. போன வருஷம் 5 மணி சுமாருக்கு தல்மா மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. இடி கேட்டது. நான் போய், நிறுத்திவிடலாமே என்றேன். "மழையே வரலையே சார், லெமன் அண்ட் ஸ்பூன் ஒண்ணுதான் பாக்கி" என்றார் நடத்திக்கொண்டிருந்த தம்பி. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பரிசுக் கோப்பைகள் மேஜையில் காத்திருக்கின்றன, சிறப்பு விருந்தினர் உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைகள் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். நிறுத்தும் அதிகாரம் தனக்கு இருப்பதாக அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த எலுமிச்சம்பழம் விழாமல் நடந்து வந்த நாற்பது குழந்தைகள் கையிலும் வாயிலும் எவர்சில்வர் ஸ்பூனோடு திறந்த வெளியில் இருபது நிமிஷம் இருந்தார்கள். ஸ்பூன் மின்னலை இழுக்காதுதான். ஆனால் திறந்த வெளி திறந்த வெளிதானே? ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவையும் ஆகாது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ரயில்வேயில் சிவப்புக் கொடி காட்ட ஆபீஸர் வர வேண்டியதில்லை. ஆபத்தைக் கண்டால் கடைசி கேங்மேன் கூட வண்டியை நிறுத்தலாம்; ஏன் நிறுத்தினாய் என்பதைப் பிறகு பேசிக்கொள்வோம். சங்கத்திலும் அப்படி ஒருவரை நியமிக்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அவர் போட்டி நடத்துபவராக இருக்கக் கூடாது. அவருக்கு முடிக்கிற அவசரம் இருக்கும். முதல் இடிக்கு விசில் ஊதினால் விவாதம் இல்லாமல் எல்லோரும் எழுந்துவிட வேண்டும், சிறப்பு விருந்தினர் உள்பட.

இன்னொரு விண்ணப்பம் வீட்டுத் தலைவிகளுக்கு. நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் பலர் சாயங்காலம் மாங்கோ பாலம் தாண்டி, அதற்கப்பாலும் நடந்து போகிறவர்கள். சுவர்ணரேகா ஆற்றுப் பாலத்தின் மேல் ஒதுங்க ஒரு திண்ணை கிடையாது. இடிக்கும்போது "சீக்கிரம் போய்விடு, மழை வரப்போகிறது" என்று நாம் பரிவோடுதான் அவசரப்படுத்தி அனுப்புகிறோம். அதற்குப் பதில் ஒரு டம்ளர் டீ கொடுத்து அரை மணி நேரம் உட்கார வையுங்கள்.

மைதானத்தைப் பற்றிச் சொல்ல ஒன்று விட்டுப்போயிற்று. விசில் ஊதினால் மட்டும் போதாது, முந்நூறு பேர் போய் நிற்க இடம் வேண்டுமே. மைதானத்தை ஒட்டிப் பள்ளிக்கூடம் இருக்கிறது, கீழ்த் தளத்தில் ஆறு வகுப்பறைகள். ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். சாவி காவல்காரரிடம்தான் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்கி, போட்டி தொடங்கும் முன்பே கதவுகளைத் திறந்து வைக்கச் சொல்ல வேண்டும். கடிதத்தை வேண்டுமானால் ஹிந்தியில் நானே எழுதித் தருகிறேன்.